யாருடைய பெயரைப் பொறிப்பது?

சிங்கப்பூரில் மார்சிலிங் அடுக்குமாடிகளுக்குப் பக்கத்தில், கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில், உட்லண்ட்ஸ் சாலையோரம் ஒரு சிறு குன்று இருக்கிறது. கிராஞ்சிப் போர் நினைவகம் அதன்மேல்தான் அமைந்துள்ளது. ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று காலையில் அங்கே படையினரும் தூதர்களும் பொதுமக்களும் கூடுகிறார்கள். எக்காளம் ஊதுகிறார்கள், இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறார்கள், மலர்வளையம் வைக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்களுக்காக 1957 மார்ச் 2ஆம் தேதி திறக்கப்பட்ட நினைவகம் அது. சரிவில் வரிசையாக 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகள். அவற்றில் 850க்கும் அதிகமானவற்றில் புதைந்திருப்பவர் யாரென்று தெரியாது. குன்றின் உச்சியிலுள்ள சுவர்களில், கல்லறையே இல்லாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால், தத்தம் சமய வழக்கப்படி தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்குத் தனியாக ஒரு நினைவுச்சின்னம் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவின் படையினர். சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் ஒரே அளவுக் கல் என்பது இத்தகைய நினைவகங்களைப் பராமரிக்கும் போர்க்கல்லறை ஆணையம் 1917இல் தொடங்கியபோதே ஏற்றுக்கொண்ட கொள்கை. உயர்ந்த கொள்கைதான். அதை எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கவில்லை என்று அந்த ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப் போரில் மாண்ட ஆப்பிரிக்கர், ஆசியர் பலருக்குப் பெயர் பொறித்த கல் வைக்கப்படவேயில்லை.

கிராஞ்சிச் சுவர்களில் பெயருள்ளவர்களில் பலர் சிங்கப்பூரில் சாகவில்லை. ஜப்பானியரின் போர்க்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டு, சயாமையும் பர்மாவையும் இணைத்த ரயில்பாதையைப் போடும் வேலையில் மாண்டார்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் காட்டையும் மலையையும் வெட்டி, சுமார் 415 கிலோமீட்டருக்குப் போடப்பட்ட பாதை அது. அந்த வேலையில் 12,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகள் இறந்தார்கள். அதே தண்டவாளத்தில், அதே காலராவிலும் பட்டினியிலும், 80,000 முதல் 1,00,000 வரை ஆசியத் தொழிலாளர்கள் இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், பால்மரத் தோட்டத்துச் சனங்கள். கூலி தருவதாகச் சொல்லிக் கூட்டிப்போனதும் உண்டு, லாரியில் பிடித்துப்போட்டுக் கொண்டுபோனதும் உண்டு. போரில் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாமல் போயிருந்த நேரம்.

ஒரே பாதையில், ஒரே மாதத்தில், ஒரே நோயில் இருவர் சாகிறார்கள். சீருடை அணிந்தவரின் பெயர் கிராஞ்சியில் இருக்கிறது. மற்றவரின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. இது நியாயமா?

படைவீரன் கடமையை ஏற்று உயிரைக் கொடுத்தவன், தொழிலாளி அகப்பட்டுச் செத்தவன், வீரத்தைப் போற்றும் நாளில் இருவரையும் கலக்கக்கூடாது என்று ஒரு வாதம் உண்டு. தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. தெரிந்தே ஆபத்தை ஏற்றவருக்குத் தனி மரியாதை வேண்டும்தான். ஆனால் கிராஞ்சியின் 24,000 பேரில் அப்படிப் போரிட்டு விழுந்தவர்கள் எத்தனை பேர், நோயிலும் பசியிலும் கைதியாகச் செத்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. வயிற்றுப்போக்கில் இறந்த கைதியின் பெயரைப் பொறிப்பது அவர் வீரத்துக்காக என்பதைவிட, ஒரு மனிதர் கேட்பாரற்றுப் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான். அந்தக் காரணம் கைதிக்குப் பொருந்துமானால் கூலித் தொழிலாளிக்கும் பொருந்தும்.

இதைவிடக் கடினமான இன்னொரு கேள்வியும் உண்டு. 1942 பிப்ரவரி 17ஆம் தேதி, இன்றைய லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலில் சுமார் 45,000 இந்தியப் படையினர் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். சிலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், சிலர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் பலர் நியூகினித் தீவுக்கு அனுப்பப்பட்டு அங்கே மாண்டார்கள். பின்னாளில் தோட்டத்துத் தமிழ் ஆண்களும் பெண்களும் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தலைமையிலான அந்த ராணுவத்தில் பெருமளவில் சேர்ந்தார்கள். அந்தப் படையில் மாண்டவர்களுக்காக 1945 ஜூலை 8ஆம் தேதி கடற்கரைத் திடலில் சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தை, செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் தகர்த்தார்கள். அதே இடத்தில் 1995இல்தான் ஓர் அடையாளக் கல் வைக்கப்பட்டது. அந்தப் படையின் கூட்டாளியான ஜப்பான்தான் இதே சிங்கப்பூரில் சீனர்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. கொல்லப்பட்டவர்கள் உள்ளிட்ட எல்லா இனத்துப் பொதுமக்களுக்காகவும் 1967 பிப்ரவரி 15ஆம் தேதி பீச் ரோட்டில் நான்கு தூண்கள் எழுந்தன. அந்தக் குடும்பங்களிடம் போய், தேசிய ராணுவ வீரர்களை வாழ்த்துங்கள் என்று கேட்க முடியுமா? முடியாது. கேட்கவும் கூடாது.

அதனால்தான் போற்றுவதையும் இரங்குவதையும் பிரித்தாக வேண்டும். ஒருவர் எந்தக் கொடியின்கீழ் நின்றார், அந்தக் கொடி நல்லதா என்பது வரலாறு தீர்க்க வேண்டிய வழக்கு. அதற்குப் புத்தகங்களும் வகுப்பறைகளும் இருக்கின்றன. இறந்தவருக்காக அழும் உரிமையை அந்தத் தீர்ப்போடு கட்டிவைப்பது கொடுமை. 2021 ஜனவரி 8ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில், இலங்கைப் போரின் இறுதியில் மாண்ட தமிழர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது உலகத் தமிழர் பதறியது, அங்கே அழ வந்தவர்களின் இடம் பறிபோனதால்தான். 1945இல் கடற்கரைத் திடலில் நடந்ததும் அதேதான். மாண்டவருக்கு நட்ட கல்லைத் தகர்ப்பவர் வென்றவராக இருந்தாலும் அறத்தில் தோற்றவரே.

தமிழருக்கு இது புதிய பாடமல்ல. போரில் பட்டவருக்குக் கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் தலைவனோடு சேர்ந்து திருடர்களை எதிர்த்த நாயின் உருவமும், கோவிவன் என்ற அதன் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு நாயின் பெயரை ஆயிரத்து நானூறு ஆண்டு காத்த மரபிலிருந்து போன பல்லாயிரம் பேர் சயாம் காட்டில் பெயரில்லாமல் கிடப்பது நெஞ்சைச் சுடுகிறது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ போன்ற நாவல்கள் அந்தத் துயரத்தைத் தாங்கி நிற்கின்றன. ஓர் அரசும் ஒரு சமூகமும் செய்ய வேண்டிய வேலையை எழுத்தாளர்களே செய்துகொண்டிருக்க முடியாது.

நவம்பர் ஞாயிறன்று கிராஞ்சியில் நிற்பவர்கள், அந்தத் தொழிலாளர்களுக்கும் சேர்த்து ஒரு மலர்வளையம் வைப்பதால் எந்த வீரரின் மதிப்பும் குறைந்துவிடாது. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவோ பெரியப்பாவோ உங்கள் வீட்டிலும் இருந்திருக்கலாம். அவரைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அவரது பெயரையும் ஊரையும், எந்தத் தோட்டத்திலிருந்து போனார் என்பதையும் அவர்களிடம் இந்த ஆண்டே கேட்டு எழுதி, ஆவணக் காப்பகத்தில் சேர்த்துவிடுங்கள்.