இலக்கிய வகுப்பும் சமய நம்பிக்கையும்

கல்லூரிப் படிப்பை நோக்கிச் செல்லும் மாணவர்களுக்கு மேனிலை வகுப்பில் இலக்கியத்தை எவ்வாறு வகுத்துக் கற்பிப்பது என்று ஆராயப் புகும் ஆசிரியர், பாடங்களையும் மதிப்பெண்களையும் கணக்கிடுவதற்கு முன்னரே ஒரு தத்துவ வினாவுக்கு விடை கண்டாக வேண்டும்: தான் ஏற்காத சமயத்தில் பிறந்த காவியத்தை ஒருவர் உண்மையாக அறிய இயலுமா? தமிழில் இவ்வினாவை ஒதுக்கிவிட்டு இலக்கியம் கற்பிக்க வழியில்லை. சமணரின் சிந்தாமணியும், பௌத்தரின் மணிமேகலையும், தேவாரமும், திருவாய்மொழியும், உமறுப்புலவரின் சீறாப்புராணமும், வீரமாமுனிவரின் தேம்பாவணியும் ஒரே மொழியின் செல்வங்களன்றோ?

இவ்விடர்ப்பாட்டைத் தவிர்க்க எளிய வழிகள் இரண்டு உண்டு. சமயக் கருத்தை விலக்கி அணியையும் இலக்கணக் குறிப்பையும் மட்டும் கற்பிப்பது ஒன்று. எல்லாச் சமயங்களும் ஒன்றையே கூறுகின்றன என்று பொதுப்பட மொழிந்து மேற்செல்வது மற்றொன்று. முன்னது புலவனின் உயிர்க்கொள்கையை வெறும் அலங்காரமாக்குகிறது. பின்னது, நிலையான ஆன்மா இல்லையென்ற பௌத்தர் கொள்கைக்கும் இறைவன் அருளையே பற்றுக்கோடாகக் கொண்ட அடியார் கொள்கைக்கும் உள்ள வேற்றுமையை மறைத்து, சிந்திக்கும் பருவத்தினருக்குச் சிந்தனையையே மறுத்துவிடுகிறது.

மூன்றாம் வழியைக் காட்டியவர் உ.வே. சாமிநாதையர். திருவாவடுதுறைச் சைவ மடத்தின் ஆதரவில் பயின்று, 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த அவர், சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சிந்தாமணியைக் கற்கத் தொடங்கியபோது, அதன் சமயக் கருத்துக்களை ஊகத்தால் நிரப்ப ஒருப்படாமல், அவ்வூர்ச் சமணர்களையே நாடிச் சென்று கேட்டறிந்தார். 1887இல் அந்நூலை அவர் சிறப்புறப் பதிப்பித்ததற்கு, ஏடுகளை ஒப்புநோக்கிய உழைப்போடு இச்சிரத்தையும் காரணமாகும். அவர் சமணராகவில்லை; ஒரு கொள்கையை அறிதல் வேறு, அதற்கு உடன்படுதல் வேறு. சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியாரின் பரபக்கம் என்னும் பகுதியில் அருணந்தி சிவாசாரியரும், பிற மதங்களை அவ்வம் மதத்தார் கூற்றாக எடுத்துரைத்த பின்னரே மறுக்கப் புகுகிறார்.

ஆதலின், பல நூல்களில் சிற்சில செய்யுட்களைத் தொட்டுச் செல்வதினும், ஒரு காவியத்தின் ஒரு பகுதியையேனும் முழுமையாகக் கற்பிப்பதும், அந்நம்பிக்கையில் வாழ்பவர் ஒருவரை அழைத்து அவர் வாயால் கேட்கச் செய்வதும் மேலான திட்டமாகும். தேர்விலும், புலவர் நம்பியது யாது, எக்காரணத்தால் என்ற வினா முதலிலும், அதனை நீ ஏற்கிறாயா என்ற வினா அதன் பின்னரும் அமைதல் வேண்டும். நம்பிக்கையை மாற்றிக்கொள்ளுமாறு எந்த மாணவரிடமும் வகுப்பு கேட்கலாகாது. பிறர் நம்பிக்கையை, அவர் கேட்டு ஆமென்று ஒப்பும் வண்ணம் எடுத்துரைக்கும் நேர்மையை ஒவ்வொரு மாணவரிடமும் கேட்டே ஆகவேண்டும்.