விளைவை வைத்து முடிவை எடைபோடலாமா?

ஒரு செயல் சரியா தவறா என்பதை அது போய் முடிந்த இடத்தை வைத்துச் சொல்லலாமா என்பது அறவியலில் மிகப் பழைய கேள்வி. அதைச் சீட்டாட்ட மேசையில் வைத்து ஆராய்வது சிலருக்கு மரியாதைக் குறைவாகப் படலாம். ஆனால் அறிவு எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று எண்ணிச் சொல்லக்கூடிய இடங்கள் அதிகம் இல்லை.

பாட் லிமிட் ஒமாஹா போக்கரில் ஆளுக்கு நான்கு சீட்டு. அவற்றில் இரண்டையும் பொதுவில் விரியும் ஐந்தில் மூன்றையும் சேர்த்தே கை அமைய வேண்டும். நடுவில் சேர்ந்துள்ள தொகைதான் பந்தயத்துக்கு உச்சவரம்பு. முதலில் 'செக்' என்று ஒதுங்கி, எதிராளி கட்டியதும் அதை உயர்த்துவது செக்-ரெய்ஸ். பழைய வீட்டு ஆட்டங்கள் பலவற்றில் இதற்கு அனுமதி கிடையாது. பதுங்கியிருந்து பாய்வது பண்பல்ல என்ற எண்ணம்.

சிறு தொகை மேசை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நடுவில் 20 டாலர். விரிந்த மூன்று சீட்டுகள் ஆர்ட்டின் 9, ஆர்ட்டின் 8, கிளாவர் 3. ஆட்டக்காரரிடம் ஆர்ட்டின் ஏஸும் ஆர்ட்டின் 4-ம், உதவாத வேறு இரண்டும். எதிராளி செக் சொல்ல, இவர் 20 கட்டுகிறார். எதிராளி தம்மிடம் உள்ள 80 டாலரையும் தள்ளுகிறார். இன்னும் 60 போட்டு 'கால்' செய்தால் 180 டாலருக்குப் போட்டியிடலாம். ஆகவே மூன்றில் ஒரு முறை ஜெயித்தாலே நஷ்டமில்லை. இன்னொரு ஆர்ட்டின் வந்தால் ஐந்து ஆர்ட்டின் சேர்ந்த 'ஃப்ளஷ்' இவருக்கு அமையும். கண்ணில் படாத 45 சீட்டுகளில் ஆர்ட்டின் ஒன்பது. அடுத்த இரண்டு சீட்டுகளில் ஒன்றாவது ஆர்ட்டினாக வர வாய்ப்பு 36.4 சதவீதம்.

கால் செய்யலாம் என்றே தோன்றும். ஆனால் எதிராளியிடம் மூன்று ஒன்பதுகள் அமைந்திருந்தால், ஆர்ட்டின் வந்தபின்னும் பொதுச் சீட்டுகளில் ஜோடி விழுந்து அவருக்கு ஃப்ளஷை வெல்லும் ஃபுல் ஹவுஸ் ஆகிவிடலாம். அப்போது இவருடைய பங்கு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகச் சுருங்குகிறது. சிறு மேசைகளில் இத்தனை பெரிய செக்-ரெய்ஸ் வெறும் மிரட்டலாக இருப்பது குறைவு என்பது அனுபவஸ்தர்களின் பொதுக் கருத்து. அதை ஏற்று இவர் சீட்டைக் கீழே போட்டு விலகிவிடுகிறார். எதிராளி சிரித்துக்கொண்டே ஒன்றுமில்லாத கையைத் திருப்பிக் காட்டுகிறார். இவர் எடுத்த முடிவு தவறா?

தவறில்லை என்பதே பண்டைய கிரேக்க, ரோமானியத் தத்துவவாதிகளான ஸ்டோயிக்குகளின் பதில். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற எபிக்டெட்டஸ் தம் பாடத்தில் பகடையையே உதாரணமாக எடுத்தார்: விழும் எண் நம் கையில் இல்லை, விழுந்ததைக் கவனமாகப் பயன்படுத்துவது நம் கையில் இருக்கிறது. சிசரோ பதிவு செய்த ஸ்டோயிக் வாதத்தில் ஒரு வில்லாளி வருகிறான். குறி பார்ப்பதில் செய்யவேண்டிய அனைத்தையும் செய்வதே அவனுடைய நோக்கம். அம்பு தைப்பது அதற்கு மேல். செயலில் மட்டுமே உரிமை என்று கீதையின் இரண்டாம் அத்தியாயம் சொல்வதையும் போக்கர்காரர்கள் இதோடு சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒப்பீடு சற்றே அவசரமானது. இந்த ஒரு கையின் விளைவை ஆட்டக்காரர் பொருட்படுத்தாமல் விடுவது ஆயிரம் கைகளின் விளைவுக்காக. அவர் பலனைத் துறக்கவில்லை, தள்ளிப்போட்டிருக்கிறார்.

மனித மனம் இந்தப் பதிலோடு எளிதில் ஒத்துப்போவதில்லை. 1988-ல் ஜோனதன் பாரனும் ஜான் ஹெர்ஷியும் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகவலை வைத்து எடுத்த ஒரே மருத்துவ முடிவு நல்லபடியாக முடிந்தபோது உயர்வாகவும், கெட்டு முடிந்தபோது தாழ்வாகவும் மதிப்பிடப்பட்டது. இது வெறும் மனப்பிழையா என்ற கேள்வியை 1976-லேயே தத்துவவாதிகள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் எழுப்பியிருந்தார்கள். கவனக்குறைவாக வண்டி ஓட்டிய இருவரில் ஒருவர் பத்திரமாக வீடு சேர்கிறார்; இன்னொருவரின் வண்டிக்குக் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருகிறது. குற்றம் ஒன்றே என்று புத்தி சொன்னாலும் உலகம் இருவரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. சட்டமும் அப்படித்தான்.

சீட்டு மேசைக்கு ஒரு சலுகை உண்டு. கைகள் ஆயிரக்கணக்கில் வருவதால் அதிர்ஷ்டம் மெல்ல மெல்லச் சமனாகிறது. 1713-ல் வெளியான, கணிதவியலாளர் ஜேக்கப் பெர்னூலியின் நூல் நிறுவியது இந்த உண்மையைத்தான். ஒருவர் வாழ்வில் திருமணமும் அறுவைச் சிகிச்சையும் ஆயிரம் முறை நடப்பதில்லை. அங்கே 'முடிவு சரி, விளைவுதான் தவறியது' என்பது ஆறுதலாகலாம். அதை யாரும் சரிபார்க்க முடியாது.

மறுபக்கமும் உண்டு. விளைவு தீர்ப்பாகாது என்றாலும் அது சாட்சி. ஒரே எதிராளி வாரக்கணக்கில் செக்-ரெய்ஸ் செய்து வெறுங்கையைக் காட்டிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு முறையும் 'நான் விலகியது சரிதான்' என்பவர் கணக்கைத் தவறாக வைத்திருக்கிறார். அவர் நம்பிய பொது விதி இந்த ஆளுக்குப் பொருந்தவில்லை. தன் பிழையை அதிர்ஷ்டத்தின் தலையில் கட்டுவதற்கு இந்தத் தத்துவத்தைவிட வசதியான மறைவிடம் இல்லை.

எடைபோட வேண்டிய முடிவுகளில் மேசையில் உட்காருவதும் ஒன்று. சூது என்று தனி அதிகாரமே வைத்த திருக்குறள் கேள்வி கேட்பது அந்த முதல் முடிவைத்தான். சீட்டறை நடத்துபவர் நடுத்தொகையிலிருந்து கமிஷன் எடுக்கிறார். சிறு மேசைகளில் பந்தயத்தோடு ஒப்பிட்டால் அந்தப் பங்கு கனமானது. ஒவ்வொரு செக்-ரெய்ஸுக்கும் சரியாகவே பதில் சொல்பவரும் அங்கே நெடுநாளில் தோற்கக்கூடும். அந்தத் தோல்வியைத் துரதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுத முடியாது. கமிஷன் எவ்வளவு என்பது உட்காருவதற்கு முன்பே தெரிந்த விஷயம்.