கனவில் கண்ட கோட்டை

ஸ்காட்லாந்தின் ஐலீன் டோனன் கோட்டையைப் பெயர் தெரியாமலே நம்மில் பலர் பார்த்திருப்போம். ‘குச் குச் ஹோத்தா ஹை’ படத்தின் தலைப்புப் பாடலில் வருகிறது. மூன்று கடற்கழிகள் கூடும் இடத்தில் ஒரு சின்னத் தீவு, கோட்டை, கரையிலிருந்து கல்பாலம். தோன்றியது 13ஆம் நூற்றாண்டில். ஆனால் இப்போது நிற்பதில் பெரும்பகுதி 1932இல் கட்டி முடித்தது. அந்தப் பாலம் பழைய கோட்டைக்கு இருந்ததே இல்லை.

“அப்போ டூப்ளிகேட்டா?” என்றார் உடன் வந்தவர். டிக்கெட் காசு போச்சே என்ற வருத்தம் குரலில் தெரிந்தது.

1719இல் பிரிட்டிஷ் அரசை எதிர்த்த கலகக்காரர்களுக்குத் துணையாக ஸ்பானிய வீரர்கள் சிலர் இங்கே தங்கியிருந்தார்கள். அரசின் போர்க்கப்பல்கள் பீரங்கியால் அடித்து, மிச்சத்தை வெடிமருந்து வைத்துத் தகர்த்தன. பிறகு இருநூறு ஆண்டு வெறும் இடிபாடு. 1911இல் தீவை வாங்கினார் ஜான் மக்ரே-கில்ஸ்ட்ராப். கோட்டை மெக்கன்சி குலத்தாருடையது. மக்ரேக்கள் அவர்களுக்குக் காவல் நின்றவர்கள். ‘மெக்கன்சியின் கவசச்சட்டை’ என்றே அவர்களுக்குப் பெயர். காவல் காத்தவன் பேரன் கோட்டைக்கே சொந்தக்காரனாகிறான்! எனக்கு இங்கே மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

கோட்டையைத் திரும்பக் கட்டும் வேலையை முன்னின்று நடத்திய ஃபர்க்வார் மக்ரே, பழைய கோட்டை முழுவதையும் கனவில் கண்டதாகச் சொன்னார். கட்டடம் முடியும் தறுவாயில், 1714இல் லூயிஸ் பெட்டிட் வரைந்த உண்மையான வரைபடங்கள் வெளியே வந்தன. கட்டியதும் வரைந்ததும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை.

யாரும் இடித்துத் திருத்தவில்லை. எனக்கு அது சரி என்றே படுகிறது. முதல் உலகப் போரில் இறந்த மக்ரேக்களின் பெயர்களைப் பொறித்த நினைவுச்சின்னமும் அங்கே இருக்கிறது. இத்தனை பேரைப் பறிகொடுத்த குலத்துக்குத் தலைகாட்ட ஓர் இடம் வேண்டியிருந்திருக்கும். ஜன்னல் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதல்ல அவர்கள் கவலை. பாலம் கட்டியதிலும் எனக்குக் குறை தெரியவில்லை. வந்து போக வழி வேண்டாமா?

மனத்தாங்கல் ஒன்றுதான். வரைபடம் கிடைத்தபோது கனவு அப்படியே பலித்திருந்தது என்று இன்றும் கதை சொல்கிறார்கள். பலிக்கவில்லை என்றால்தான் என்ன? ஃபர்க்வார் கட்டியது நிற்கிறதே.