யாரிடம் கேட்பது?

தேக்கா மார்க்கெட் பக்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கட்டுமான வேலை செய்யும் புதுக்கோட்டை அண்ணன் ஒருவர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே டீ குடித்தார். குடலிறக்கம் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதமாகிறது.

"ஆபரேஷன் பண்ணிக்கலாமேண்ணே, இன்சூரன்ஸ் இருக்குல்ல?"

"இருக்கு தம்பி. முதலாளிகிட்டல்ல சொல்லணும்."

சட்டப்படி அவருடைய மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. 2023 ஜூலையில் கட்டாயக் காப்பீட்டின் குறைந்தபட்ச வரம்பை ஆண்டுக்கு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 ஆக உயர்த்தினார்கள். ஆக, பணம் இருக்கிறது. ஆனால் அதற்குக் கையெழுத்துப் போடும் அதே கை, வேலை பெர்மிட்டையும் ரத்து செய்ய முடியும். சிகிச்சை கேட்பது வேலையைப் பணயம் வைப்பதாகிவிடுகிறது.

செலவை யார் ஏற்கிறாரோ அவர் முன்னால் நோயாளி கொஞ்சம் குனிய வேண்டியிருக்கிறது. 1844இல் டான் டோக் செங் 7,000 வெள்ளி கொடுத்து ஏழைகளுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார். பிறகு சில காலம் அது சிராங்கூன் ரோட்டிலும் இருந்தது. அங்கே படுத்தவர்கள் பட்ட கடன், நன்றி. 1984இல் மெடிசேவ் வந்தபின் அம்மாவின் பில்லை மகன் கணக்கிலிருந்து கட்டலாம். "உனக்குச் செலவு வைக்கிறேனேப்பா" என்று சி வார்டில் கூச்சப்படும் அம்மாக்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கூச்சத்தின் அடியில் பாசமாவது இருக்கிறது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே அது கிடையாது.

இலவசம் என்றால் வீணாகும், கொஞ்சமாவது கையிலிருந்து போனால்தான் பொறுப்பு வரும் என்பது இங்கே பழகிய வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த அண்ணன் எதையும் வீணாக்கவில்லை. தனக்கு உள்ளதையே எடுக்கவில்லை.

பொது மருத்துவமனை மானியம் அவருக்குக் கிடையாது. ஆனால் அவரை வைத்திருப்பதற்கு முதலாளி மாதாமாதம் அரசுக்கு லெவி கட்டுகிறார். காப்பீட்டுப் பணத்தையும் அப்படியே ஒரு பொது நிதிக்கு வாங்கி, மருத்துவமனை நேராக அங்கே கணக்கு வைத்துக்கொண்டால் என்ன? லீவு சொல்லத்தான் வேண்டும். சிகிச்சைக்கு அனுமதி கேட்க வேண்டாம். முகமில்லாத ஒரு நிதியிடம் யாரும் குனிய வேண்டியதில்லை. வரி என்பதன் நாகரிகமே அதுதான் என்று நினைக்கிறேன்.

கிளம்பும்போது அண்ணன் கேட்டார்: "முஸ்தபாவுல ஹெர்னியா பெல்ட் கிடைக்குமா தம்பி?"

வாங்கினோம். 9% ஜிஎஸ்டியோடு, அவர் காசில்.