பாங்க் போன பிறகு

உருவம், உள்ளடக்கம் பற்றி நாம் எழுதித் தள்ளிய பக்கங்கள் கொஞ்சமல்ல. உள்ளடக்கம் எழுந்து போய்விட்டால் உருவம் என்ன ஆகிறது என்று கேட்டவர்கள் குறைவு. கவிதையை வைத்து இதைக் கேட்பது கஷ்டம். கவிதையிலிருந்து எதுவும் பெட்டி படுக்கையோடு வெளியேறுவதில்லை. கட்டிடத்திலிருந்து வெளியேறுகிறது. ஆகவே ஒரு கட்டிடத்தை எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில், கிரின்னல் என்று ஒரு சிற்றூர். மக்கள்தொகை பத்தாயிரத்தை எட்டாது. சுற்றிலும் மக்காச்சோளம் விளையும் பூமி. மெர்ச்சன்ட்ஸ் நேஷனல் பாங்க் 1914இல் இங்கே ஒரு கட்டிடம் கட்டிக்கொண்டது. வடிவமைத்தவர் லூயி சல்லிவன். நான் படங்களில் பார்த்திருப்பதுதான். செங்கல்லால் ஆன, இறுக்கமான ஒரு பெட்டி. வாசலுக்கு மேல் பெரிய வட்டச் சாளரம். அதைச் சுற்றி வட்டமும் சதுரமும் ஒன்றையொன்று ஊடுருவி நிற்கும் சுடுமண் அலங்காரம். வாசலின் இரு பக்கமும் சிறகுள்ள சிங்கங்கள். பக்கச் சுவரில் வண்ணக் கண்ணாடி. 1976இல் இது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கட்டிக்கொண்ட பாங்க் இப்போது இல்லை. ஊர் வர்த்தக சபை அங்கே இயங்கிவருகிறது.

உருவம் பயனைத் தொடர்ந்தே வர வேண்டும் என்ற கொள்கையை, உயரமான அலுவலகக் கட்டிடங்களைப் பற்றி 1896இல் எழுதிய கட்டுரையில் முன்வைத்தவர் இதே சல்லிவன்தான். அவர் கொள்கையை வைத்தே பார்த்தால் கிரின்னல் கட்டிடம் இன்று வெறும் கூடு, பூச்சி பறந்துவிட்டது. அதைக் காப்பாற்றுகிறவர்கள் அவரைக் கௌரவிப்பதாக நினைத்துக்கொண்டு அவர் கொள்கையைப் பொய்யாக்குகிறார்கள். அல்லது கொள்கையே அரைகுறையானது.

சுலபமான பதில் ஒன்று உண்டு: பயன் போனாலும் அழகு நிற்கிறது. நானும் சில காலம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது முடியவில்லை. அழகு இவ்வளவு சுலபமாகப் பயனிலிருந்து கழன்று வருமென்றால் சல்லிவன் சுவருக்குப் பூவேலை செய்தவர் என்று ஆகிவிடும்.

பாங்கின் பயன் என்ன என்பதை நாம் அவசரப்பட்டுத் தீர்மானித்துவிடுகிறோம் என்று தோன்றுகிறது. பணம் எண்ண ஒரு மேஜை போதும். அமெரிக்காவில் பாங்க் வைப்புகளுக்கு மத்திய அரசின் காப்பீடு நடைமுறைக்கு வந்தது 1934இல். 1914இல் அறுவடைப் பணத்தோடு வந்து நின்ற விவசாயிக்குப் பெரும்பாலும் இரண்டே ஆதாரங்கள்: பாங்குக்காரர் முகம், பாங்க் சுவர். ஆகவே சுவர் பேசியாக வேண்டியிருந்தது. அந்நாளைய பாங்குகள் பல ரோமானியத் தூண்களை வைத்துப் பேசின. சல்லிவன் அவற்றைக் கேலி செய்தார். அவருடைய சுவர் வேறு மாதிரி பேசியது: கெட்டியாக மூடியிருக்கிறேன், ஆனாலும் உள்ளே உனக்கு வெளிச்சம் வைத்திருக்கிறேன் என்றது. அந்தக் கட்டிடத்தின் பயன் நம்பிக்கை. உருவம் அதைத்தான் தொடர்ந்து வந்தது. சரியாகச் சொன்னால், அது ஒரு வாக்கு.

வாக்கு காப்பாற்றப்பட்டதா? சல்லிவன் இம்மாதிரிச் சிற்றூர்களில் எட்டுக் கட்டிடங்கள் கட்டினார். ‘நகைப்பெட்டிகள்’ என்று செல்லமாகச் சொல்கிறார்கள். முதலாவது, மினசோட்டா மாநிலத்து ஓவடோனாவில் 1908இல் எழுந்தது. எட்டிலும் அதுவே தலைசிறந்தது என்பார்கள். அதைக் கட்டிய பாங்க் 1926இல் முறிந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் தானிய விலை ஏறியபோது கடன் வாங்கி நிலம் வாங்கியவர்கள், 1920இல் விலை சரிந்ததும் மாட்டிக்கொண்டார்கள். 1921க்கும் 1929க்கும் இடையில் அந்த நாட்டில் 5,000க்கு மேற்பட்ட பாங்குகள் மூடப்பட்டன. பெரும்பாலானவை சிற்றூர்களின் சின்ன பாங்குகள். சல்லிவனும் தப்பவில்லை. 1909இலேயே அவருடைய உடைமைகள் ஏலத்துக்குப் போயின. 1924இல் சிகாகோவில் வறுமையில் இறந்தார். பிறர் பணத்துக்குப் பெட்டி செய்தவரிடம் பணம் இல்லை.

என்னைத் தொந்தரவு செய்வது இதுதான். ஓவடோனாவில் பாங்க் முறிந்த அன்று அந்தப் பெரிய வளைவிலிருந்து ஒரு செங்கல்கூட நகர்ந்திருக்காது. சுவர் முதல் நாள் சொன்னதையே அன்றும் சொல்லிக்கொண்டிருந்திருக்கும். சல்லிவன் பொய் சொல்லவில்லை. ஜனநாயகத்தின் கலை என்று அவர் பேசியதெல்லாம் மனப்பூர்வமானது. ஆனால் காப்பாற்ற முடியாத ஒருவனின் வாக்குக்கு அவர் அழகு ஜாமீன் நின்றது. கலைஞன் இதற்குப் பொறுப்பாளியா? தெரிந்து செய்யவில்லை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ஜாமீன் பத்திரத்தில் அப்படியொரு ஷரத்து கிடையாது. கையெழுத்து எவ்வளவு அழகோ அவ்வளவு பேர் அதை நம்புகிறார்கள். எழுதுகிறவர்களுக்கு இது அந்நிய விஷயமல்ல. இயக்கங்களுக்கும் கொள்கைகளுக்கும் நம் வாக்கியங்கள் ஜாமீன் நின்றிருக்கின்றன. அவை முறிந்த பிறகு, வாக்கியம் நன்றாக இருந்ததே என்று நாம் தப்பித்துக்கொள்கிறோம்.

பழைய கட்டிடங்களைப் பாரம்பரியச் சொத்து என்கிறோம். பிதுரார்ஜிதம் என்றால் சொத்து மட்டுமல்ல. அப்பன் விட்டுப்போன வீட்டை எடுத்துக்கொள்கிறவன் அவன் விட்டுப்போன கடனுக்கும் பதில் சொல்ல வேண்டும். வட்டச் சாளரத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்கு, அந்தச் சாளரத்தை நம்பிப் பணம் கொண்டுவந்தவனையும் காட்டாவிட்டால் அது பாதிக் கணக்கு.

இடித்துவிடு என்று நான் சொல்லவில்லை. இடித்தால் கடனுக்கு இருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும். கட்டிடம் நிற்கட்டும். கடன் வாங்கியவன் போய்விடலாம். ஜாமீன் போட்டவன் ஊரிலேயே இருந்தாக வேண்டும். கிரின்னலில், தெருமுனையில், அந்தச் செங்கல் பெட்டி அப்படித்தான் இருந்துகொண்டிருக்கிறது.