கருவறையும் கருணையும்



தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் எல்லையூராகிய குப்பத்தில், மூன்று மொழிகளிலும் தாய்மார் தனித்திருந்து கேட்கும் வினா ஒன்றுண்டு. வயிற்றிலுள்ளது எந்நாள் முதல் மனித உயிராகிறது? கரு கலைந்தவளையும், மருத்துவர் சொற்படி கலைக்க நேர்ந்தவளையும் ‘பாவி’ என்று ஊர் தூற்றும்போது, இது வெறும் தருக்கமன்று; ஒருத்தியின் கண்ணீர். ஆதலின் இதுபற்றிப் பகவானின் தம்மம் யாது கூறுகின்றதென்று சிந்திப்போம்.

அரசின் சட்டம் வாரக் கணக்குக் கூறுகிறது. 1971-ல் இயற்றப்பட்டு 2021-ல் திருத்தப்பெற்ற கருக்கலைப்புச் சட்டத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்துப் போதும். குறிப்பிட்ட சில நிலைகளிலுள்ள பெண்டிர்க்கு 24 வாரம் வரை இருவர் கருத்து வேண்டும். 2023 அக்டோபரில், 26 வாரம் கடந்த கருவைச் சுமந்த இரு குழந்தைகளின் தாயொருத்தி வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் தம்முள் மாறுபட்டனர்; பின்னர் மூவர் கூடி, 16-ஆம் நாள் அனுமதி மறுத்தனர். கற்றறிந்தோரே மாறுபட்ட இடத்தில், திண்ணையிலிருந்தே தீர்ப்புக் கூறுவோர் எத்தனை பேர்!

தம்மம் கூறுவது யாது? மஜ்ஜிம நிகாயத்தின் 38-ஆம் சூத்திரம், தாய் தந்தையர் கூட்டம், தாயின் பருவம், பிறக்கவிருக்கும் உணர்வு ஆகிய மூன்றும் கூடினாலன்றிக் கரு தோன்றாதென்கிறது. அதே சூத்திரத்தில் சாதி என்னும் பிக்கு, ஒரே உணர்வு மாறாது பிறவிதோறும் செல்கிறதென்று வாதிக்க, பகவான் அவரைக் கண்டித்து, உணர்வு காரணங்களைச் சார்ந்தே தோன்றுமென்று விளக்கினார். ஆகவே ‘ஆன்மா எந்நாள் நுழைகிறது?’ என்பது நம் வினாவாகாது. நுழையும் நிலைப்பொருள் ஒன்றில்லை. சார்பிற் றோன்றி வளரும் வாழ்வே உண்டு.

எனினும் ஒன்றை நாம் மறைக்கலாகாது. தாய் வயிற்றில் முதல் உணர்வு தோன்றியது முதலே மனிதன் என்று விநயம் கொள்கிறது. கருவழிக்கத் துணைபுரியும் பிக்குவைச் சங்கத்தினின்று நீக்குகிறது. கரு அற்பமன்று.

ஆயின் அக்கணக்கு எதற்குப் பயன்பட்டதென்பதையும் காண்மின்! இராசகிருகத்து வணிகன் மகள் ஒருத்தி, தான் கருவுற்றதறியாமல் துறவு பூண்டாள். வயிறு வெளிப்பட்டதும் தேவதத்தன் விசாரியாமலே அவளைத் துரத்தினான். அவள் நெடுவழி நடந்து ஜேதவனம் அடைந்தாள். பகவான் உபாலியை விசாரிக்கப் பணித்தார். விசாகை திரைக்குள்ளே அவளைப் பார்த்து, மாதமும் நாளும் கணித்து, துறவுக்கு முன்னரே கருவுற்றாளென்று கூற, அவள் குற்றமற்றவளானாள். இது ஜாதகக் கதையுரை கூறுவது. அம்மகனே குமார காசியபர். அவர் துறவேற்றபோது இருபது வயது நிரம்பிற்றோ என்னும் ஐயம் எழ, கருவில் தோன்றிய நாள் முதல் எண்ணிக்கொள்ளப் பகவான் அனுமதித்தாரென்று விநயம் கூறுகின்றது.

இரண்டு கணக்குகள்! ஒன்று தாயைப் பழியினின்று விடுவித்தது. மற்றொன்று மகனைச் சங்கத்திற் சேர்த்தது. இரண்டும் ஏற்றுக்கொள்வதற்கே, தள்ளுவதற்கல்ல.

நாமும் அவ்வழியே ஒழுகுவோம். வினைக்கு வேர் எண்ணமே. பெண்ணென்றறிந்து கருவை அழிப்பது பேராசையும் மயக்கமும். கருவின் பாலறிந்து கூறுவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கின்றது. தாயின் உயிர் காக்க நடுங்கியவாறு எடுக்கும் முடிவோ வேறு. தானே கலைந்த கருவிற் கொல்லும் எண்ணம் ஏது? எண்ணமின்றேல் சீலக்கேடும் இல்லை.

ஊரார் ஒருத்தியைத் தூற்றும்போது தேவதத்தனைப்போல் வாயில் அடைக்காதீர். விசாகையைப்போல் அருகிற் செல்லுங்கள். கருவுற்றவளுக்கு உணவும் ஓய்வும் அளியுங்கள், இழந்தவளோடு அமர்ந்திருங்கள். கருவிலுள்ள உயிரைப் போற்றுவோர் அதைச் சுமப்பவளை இகழார்.

எல்லா உயிரும் இன்புறுக!