ஐயத்தின்பேரில் நீக்கலாமா?

மீமிசலில் எம் இல்லக் கணிப்பொறியின் உலாவியில், எதற்காக நிறுவினோம் என்றே நினைவில்லாத நீட்சி ஒன்று இருப்பதைப் பெயர்த்தி காட்டினாள். யாம் திறக்கும் எல்லாத் தளங்களின் தரவையும் படிக்கவும் மாற்றவும் அதற்கு இசைவு இருந்தது. "நீக்கிவிடுங்கள், பாட்டி" என்றாள். யாம் தயங்கினோம். குற்றம் மெய்ப்படாமல் எம் வகுப்பில் எவரையும் தண்டித்தறியோம். மென்பொருளுக்கு அந்நீதி பொருந்தாதா?

'தி கிரேட் சஸ்பெண்டர்' என்னும் குரோம் நீட்சியின் வரலாற்றை அவள் கூறினாள். பயன்படாது திறந்து கிடக்கும் பக்கங்களை உறங்கவைத்து நினைவகச் சுமையைக் குறைத்த நற்கருவி அது. இருபது லட்சத்திற்கும் மேற்பட்டோர் நம்பியது. 2020 இல் படைத்தவர் அதனை விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னாரெனப் பயனர் அறியார்; அவர்கள் அளித்த இசைவோ கேளாமலே புதியவர் கைக்குச் சென்றது. 2021 பிப்ரவரியில், தீநிரல் உளதெனக் கூகுள் அதனை முடக்கிற்று.

எம் அஞ்சற்பெட்டியில் இருப்பவை எம் மடல்கள் மட்டுமல்ல. பழைய மாணவியர் தம் துயரங்களை நம்பி எழுதியவையும் உள. அவற்றைப் பிறர் காண இசைவளிக்க யாம் யார்? நீக்குதல் தண்டனையன்று, கொடுத்த திறவுகோலைத் திரும்பப் பெறுதலே.

நீட்சியை அகற்றினோம். முன்பே களவு போயிருப்பின் அது மீளாதாகையால் கடவுச்சொற்களையும் மாற்றினோம். அம்மாணவியருக்குச் செய்தி தெரிவிக்கும் மடல்தான் இன்னும் எழுதப்படவில்லை, எழுத நாணமாயிருக்கிறது.